எந்தக் கைங்கர்யத்துக்கு நம் பணம்?

(சித்தூர், திருப்பதி அங்கத்தினர்களின் கூட்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இந்த வருஷம் நம் இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து நிதி திரட்டி, ஒரே ஒரு சிறிய தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுப்பது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. வசூல் செய்வது எப்படி என்று நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ராதா கல்யாணத்துக்கும் ஸ்ரீராம நவமிக்கும் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கிப் பழகியவர்கள் நாம். யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு அபிப்பிராயம். அதைப் பார்த்து வந்து சொல்லும்படி எங்கள் மூவரிடம் பொறுப்புக் கொடுத்தார்கள். எங்கள் முடிவையும் அதற்கான காரணங்களையும் உங்கள் முன் வைக்கிறேன். வெளியூர் அங்கத்தினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சற்று விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் எழுந்த கேள்வி, "பெருமாள் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு வேறு யாருக்குக் கொடுப்பது? தேவஸ்தான டிரஸ்டில் கட்டிவிட்டால் கவலையில்லையே?" என்பது. நியாயமான கேள்விதான். திருமலையில் நித்ய அன்னதானம் 1985 ஏப்ரலில் தினம் 2,000 பேருக்கு என்று ஆரம்பித்தது. இன்று அது எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதைப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட நாம் எல்லோரும் அறிவோம். பாலமந்திரம், காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளி, எலும்பு சிகிச்சைக்குப் பெயர்பெற்ற பர்ட் ஆஸ்பத்திரி என்று தேவஸ்தானம் செய்யும் சேவைகள் பல. அவற்றுக்கு உலகெங்கிலுமிருந்து பக்தர்கள் கொடுக்கிறார்கள். நாமும் தனித்தனியாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். அது நிற்கப் போவதில்லை.

ஆனால் அந்த அன்னப்பிரசாத பவனத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறது? 2011-ல் திறந்த அந்தக் கட்டடத்துக்கு மாத்ருஸ்ரீ தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயர். பழைய சித்தூர் ஜில்லாவில் உள்ள தரிகொண்ட கிராமத்தில் 18-ஆம் நூற்றாண்டில் பிறந்தவர், இளவயதிலேயே கணவரை இழந்தவர், கவிதை இயற்றியவர். மலையில் வாழ்ந்த காலத்தில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அவர் அன்னதானம் நடத்தி வந்தார் என்று சொல்வார்கள். ஒரு தனி ஸ்திரீ, நாலு பேர் கொடுத்ததை வைத்துக்கொண்டு செய்த சிறு தர்மம் அது. அன்றைக்கு அவரிடம் கொடுத்தவர்கள், பெரிய இடம் என்று பார்த்துக் கொடுக்கவில்லை.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். 200 குடும்பங்கள் மாதம் 300 ரூபாய் வீதம் கொடுத்தால் மாதம் 60,000 ரூபாய், வருஷத்துக்கு 7,20,000. ஒரு பெரிய ஸ்தாபனத்தின் வரவு செலவில் இது எங்கே போயிற்று என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். ஒரு சிறிய இடத்திலோ, தலைக்கு 15,000 சம்பளம் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேருடைய மாதச் சம்பளம் அது. நான்கு பேர் வேலையில் இருக்கிறார்களா இல்லையா என்பதே அங்கே நம் பணத்தால் தீர்மானமாகிறது.

சிறியது என்பதாலேயே ஓர் இடம் நல்லதாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். கணக்கு எழுதாமல் இருப்பதற்கும் சிறியதாக இருப்பது சௌகரியம்தான். ஆகவே நாங்கள் போன ஒவ்வொரு இடத்திலும் சில கேள்விகளைக் கேட்டோம். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இவற்றைக் கேட்கலாம்.

முதலாவது, பதிவு. சொஸைட்டியா, டிரஸ்டா, பத்திரம் எங்கே என்று கேட்டோம். குழந்தைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லமானால் 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு அவசியம். பதிவில்லாமல் நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு. மாற்றுத் திறனாளிகளுக்கான ஸ்தாபனமானால் 2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் வேண்டும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி ஜில்லாவாகிவிட்டதால், எந்த ஜில்லாவில் பதிவு, அது நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டியிருந்தது.

இரண்டாவது, வருமான வரி. 80ஜி என்று சொல்லிப் பழகிய அங்கீகாரம் முன்போல ஒரு தடவை வாங்கி மாட்டி வைக்கிற காகிதமல்ல. 2021 முதல் அது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. பிறகு புதுப்பிக்க வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரி விலக்குக் கிடையாது. புதிய வரிமுறைக்கு மாறிவிட்டவர்களுக்கோ இந்த விலக்கே கிடையாது. அதற்காக தர்மத்தை விட்டுவிட வேண்டாம்!

மூன்றாவது, வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் கொடுக்கும் பணம். இந்தியப் பிரஜையாகவே இருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து பாங்க் மூலமாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், ஓ.ஸி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க அந்த ஸ்தாபனத்துக்கு மத்திய அரசின் தனிப் பதிவு இருக்கவேண்டும். சிறிய இடங்களில் பெரும்பாலும் அது இருக்காது. ஆசையோடு அனுப்பிய பணத்தால் அவர்களுக்குச் சட்டச் சிக்கல் வரக்கூடாது.

நான்காவதாக நாங்கள் கேட்டது: "உங்களுக்கு எதற்குப் பணம் கிடைப்பதில்லை?" இதற்கு வந்த பதில்கள்தான் எங்கள் கண்ணைத் திறந்தன.

ஒரு முதியோர் இல்லத்தில், பிறந்தநாள், திதி என்று சாப்பாட்டுக்கு உபயதாரர்கள் வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார்கள். சில நாட்களில் இரண்டு உபயம் வந்துவிடுகிறதாம். ராத்திரி பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குச் சம்பளம் தர மட்டும் யாரும் முன்வருவதில்லை. மின்விசிறியில் பெயர் எழுதலாம், பீரோவில் எழுதலாம். ஆயாவின் மேல் பெயர் எழுத முடியாதே! இன்னோர் இடம் ஒரு வேத பாடசாலை. வித்யார்த்திகள் நன்றாக அத்யயனம் செய்கிறார்கள். அங்கே ஏற்கெனவே நம் சங்கத்தின் கல்வி நிதி போகிறது, அது தொடரும்.

மூன்றாவது இடம் சித்தூர்ப் பக்கத்தில், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான ஒரு பகல் பள்ளி. வாடகைக் கட்டடம். பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவும் பெற்ற ஆசிரியைகள் இருக்கிறார்கள். பதிவும் கணக்கும் ஒழுங்காக இருக்கின்றன. ஆடிட்டர் கையெழுத்திட்ட மூன்று வருஷக் கணக்கைத் தயங்காமல் எடுத்துக் காட்டினார்கள். கிராமங்களிலிருந்து குழந்தைகளை அழைத்து வர ஒரு வேன். கஷ்டம் அந்த வேனில்தான். டீஸலுக்கும் டிரைவருக்கும் பணம் இல்லாத மாதங்களில் அது ஓடுவதில்லை. வேன் ஓடாவிட்டால் குழந்தை வீட்டிலேயே இருக்கும்; குழந்தை வீட்டில் இருந்தால் தாய் கூலி வேலைக்குப் போக முடியாது. அங்கிருந்த ஒரு தாய் எங்களிடம், "வேன் வராத நாள்ல எங்க வீட்ல அடுப்பு எரியறது கஷ்டம் சார்" என்றாள். சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் அப்படியே காதில் விழுந்தது.

கட்டடத்தைப் பார்த்து மதிப்பிடக்கூடாது என்பதற்கு நம் பழைய ஜில்லாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. மதனப்பள்ளிக்கு அருகே, ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலி பள்ளியைச் சேர்ந்தவர்கள், சுற்றுக் கிராமங்களில் ஒரே ஆசிரியர் நடத்தும் சின்னஞ்சிறு பள்ளிகளை 1980-களில் தொடங்கினார்கள். பல வயதுக் குழந்தைகள் ஒரே அறையில். பாடப் புத்தகத்துக்குப் பதில் அட்டைகள். ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படிப்படியாக ஏறிப் போகலாம். அந்த முறையைப் பார்த்துத்தான் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில வருஷங்களில் அது தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. முதல் வருஷம் யாராவது போய்ப் பார்த்திருந்தால் அவர் கண்ணில் பட்டிருப்பது ஒரு சிறிய பள்ளி, ஓர் ஆசிரியர், கொஞ்சம் அட்டைகள். அவ்வளவுதான்.

எங்கள் சிபாரிசைச் சொன்னதும் ஒரு பெரியவர், "நம்மவாளே எத்தனையோ பேர் கஷ்டப்படறா. அவாளை விட்டுட்டு வெளியில கொடுக்கணுமா, ஓய்?" என்று கேட்டார். அந்த மாமாவின் கவலையை நான் மதிக்கிறேன். நம்மவர்களுக்கான கல்வி நிதியிலோ, புரோகிதர் உதவியிலோ ஒரு ரூபாய்கூடக் குறையாது; இது தனி வசூல். ஸகோதரி சுப்பலக்ஷ்மியை நினைத்துப் பாருங்கள். 1912 வாக்கில் சென்னையில், விரல் விட்டு எண்ணக்கூடிய நம் பால விதவைகளை வைத்துக்கொண்டு படிப்புக்கு வழி செய்தவர். அவரேதான் ஐஸ் ஹவுஸ் பக்கத்துக் குப்பத்துக் குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடம் நடத்தினார். ஒன்று மற்றொன்றுக்குத் தடையாக இருக்கவில்லை.

ஆகவே எங்கள் சிபாரிசு இது. இந்த வருஷத்து நிதியை அந்தப் பகல் பள்ளிக்குக் கொடுப்போம். மொத்தமாக ஒரு நாள் மாலை போட்டுப் போட்டோ எடுத்துக் கொடுக்க வேண்டாம். மாதாமாதம் 5-ஆம் தேதிக்குள் பாங்க் மூலம் போகட்டும். வேனுக்கும் சம்பளத்துக்கும் என்று சொல்லியே கொடுப்போம். மூன்று வருஷத்துக்கு வாக்களிப்போம். ஒரு வருஷம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் அந்த டிரைவரும் அந்தத் தாயும் மறுபடி நடுத்தெருவில் நிற்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை நம்மில் இருவர் நேரில் போய்ப் பார்த்து, இந்த இதழிலேயே வரவு செலவு வெளியிட வேண்டும். சித்தூருக்கும் திருப்பதிக்கும் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான். இரண்டு ஊர்க்காரர்களும் முறை வைத்துப் போகலாம். பெயர்ப் பலகை வேண்டாம் என்பது எங்கள் மூவரின் ஒருமித்த கருத்து.

பெங்களூரிலும் மும்பையிலும் டில்லியிலும் உள்ள அங்கத்தினர்கள் இதில் சேரலாம். இல்லாவிட்டால் இதே கேள்விகளைக் கேட்டு, தங்கள் ஊரிலேயே ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். நாங்கள் கேட்க மறந்த கேள்வி ஏதாவது இருந்தால் இப்போது கேளுங்கள். அதற்குப் பிறகு தீர்மானத்தை ஓட்டுக்கு விடலாம்.