தேயிலைப் பெட்டியின் எழுத்து

அட்டன், நுவரெலியாத் தொழிற்சாலைகளினின்றும் முன்னாளிற் கொழும்புக்கு இறங்கிய தேயிலை, பலகைப் பெட்டிகளிற் சென்றது. தோட்டத்தின் பெயரையும் பி.ஓ.பி. முதலிய தரங்களையும் அவற்றின்மீது துளைத்தகடு வைத்து மைபூசிப் பொறித்தனர். ஆங்கில 'ஓ'வின் நடுவட்டம் கழன்றுவிடாதபடி தகட்டிற் சிறு பாலங்கள் விடப்படும். எழுத்து ஆங்காங்கே அறுந்து தோன்றுவது அதனாலேயே.

1937இல் அமெரிக்காவில் ஜெரி பவல் இத்தகைய பெட்டியெழுத்தை அச்செழுத்தாக்கியபோது, அடியிலும் முடியிலும் தடித்த பட்டைகளை அமைத்தார். பட்டையெழுத்தை 1815 அளவில் இலண்டனில் வெளியிட்டவர் வின்சென்ட் ஃபிக்கின்ஸ். அழகில் அது முரடுதான். ஆயினும் மெல்லிய கோடு மங்கும் தொலைவிலும் தெளிவாய் நிற்கும். சுவரொட்டிக்கும் தலைப்புக்கும் அதனை விரும்பியது அதனாலன்றோ?

பெட்டியில் நின்றது துரைமாரின் ஏட்டுப் பெயர். கொழுந்து பறித்தவர்கள் பல தோட்டங்களை வேறு தமிழ்ப் பெயர்களால் அழைத்தனர். அப்பெயர்களுக்குத் தகடு வெட்டப்படவில்லை.