ஹாமில்டனைக் காட்டிக்கொடுத்த சின்னச் சொல்



அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு ஆதரவு திரட்ட 1787-88இல் 85 கட்டுரைகள் வெளிவந்தன. எழுதியவர்கள் ஹாமில்டன், மேடிசன், ஜே. மூவருக்கும் ஒரே புனைபெயர், பப்ளியஸ். அதில் 12 கட்டுரைகள் ஹாமில்டனுடையவையா மேடிசனுடையவையா என்ற வழக்கு நெடுங்காலம் இழுத்தது. 1964இல் மாஸ்டெல்லர், வாலஸ் என்ற புள்ளியியலாளர்கள் யாரும் கவனிக்காத சின்னச் சொற்களை எண்ணினார்கள். 'அப்பான்' என்ற ஆங்கிலச் சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொல்லுக்குச் சராசரியாக மூன்று தடவை போடுவார். மேடிசன் அதைத் தொடுவதே அபூர்வம். பன்னிரண்டும் மேடிசன் பக்கமே சாய்ந்தன.

பெல் ஆய்வகத்தில் இருந்த லீ மக்மேனுக்கும் இந்தக் கட்டுரைகளை அலச ஆசை. மொத்தம் ஒரு மெகாபைட் தேறும். இன்று ஒரு புகைப்படத்துக்கே அது போதாது! ஆனால் அன்றைய பிடிபி-11 கணினியில் ஓடிய 'எட்' எடிட்டருக்கு அது பெரும் பாரம். அதே ஆய்வகத்தின் கென் தாம்சன் அந்த எடிட்டரின் தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, ஒரே இரவில் தனி நிரலாக்கினார் என்கிறார் அவருடன் பணிபுரிந்த பிரையன் கெர்னிகன். 1973இல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்ந்த 'கிரெப்' அதுதான்.

அது ஒரு வரியை எடுக்கும். தேடிய சொல் இருந்தால் அச்சிடும். அடுத்த வரிக்குப் போகும். நினைவகத்தில் ஒரு வரிக்கு இடம் இருந்தால் போதும். கோப்பு எத்தனை பெரிதானாலும் சரி. எவ்வளவு அழகான யோசனை!

இங்கே சற்றுக் கவனியுங்கள். ஒரே வரியில் 'அப்பான்' இரண்டு முறை வந்தால்? கிரெப் அந்த வரியை ஒரு தடவைதான் காட்டும். வரிகளை எண்ணினால் ஹாமில்டன் கணக்கில் ஒன்று குறையும். ஆகவே முதல் பொருத்தம் முடிந்த இடத்திலிருந்து மறுபடி தேட வேண்டும், வரி தீரும்வரை. இன்றைய கிரெப், கேட்டால், ஒவ்வொரு பொருத்தத்தையும் தனித்தனியே அச்சிட்டுத் தரும். 'தேரப்பான்' என்ற நீண்ட சொல்லுக்குள் ஒளிந்திருப்பதும் மாட்டும். முழுச் சொல் மட்டும் வேண்டுமென்று கட்டளையிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு வரிகளில் உடைந்து கிடக்கும் தொடரோ சிக்கவே சிக்காது.

தமிழிலும் இதே கதைதான். 'வில்' என்று தேடினால் 'இரவில்', 'அறிவில்' எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். மதுரைத் திட்டம் 1998 முதல் நம் பழைய நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தருகிறது. கணினி வைத்திருக்கும் நேயர்கள் அதில் ஒன்றை இறக்கிக்கொண்டு, தங்களுக்குப் பிடித்த சொல்லை இன்றிரவே தேடிப் பார்க்கலாம்.