மன்னார் வளைகுடாவில் ஒரு பகல்

முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்றது தூத்துக்குடிக் கடல். அக்கடலில் நான்கு சிறு தீவுகள் உண்டு. வான்தீவு, காசுவார், விலாங்குச்சல்லி, காரைச்சல்லி என்பன அவற்றின் பெயர்கள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டி வரிசையாக அமைந்த 21 தீவுகளில் தென்கோடித் தொகுதி இதுவே. இத்தீவுகளையும் சூழ்ந்துள்ள கடலையும் 1986-ஆம் ஆண்டில் அரசினர் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தனர். ஆகவே, நினைத்தவர் நினைத்தபோது அங்கே சென்று இறங்குதல் இயலாது. ஆய்வாளர் சிலர் உரிய அனுமதியோடு புறப்பட்டபோது, அவர்களுடன் ஒரு பகற்பொழுதைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

மாசி மாதத்துக் காலை. கடல் அமைதியாக இருந்தது. எங்கள் வள்ளம் துறையை விட்டு நீங்கிய சிறிது நேரத்தில், ஓங்கில்கள் இரண்டு நீரைக் கிழித்துக்கொண்டு எழுந்து மறைந்தன. மீனவர் அவற்றை நல்ல சகுனமாகக் கருதுவர் என்றார் வள்ளத்தைச் செலுத்திய முதியவர்.

முதலில் வான்தீவு. வெண்மணல் திட்டு, அதன்மேல் சிறிதளவு பச்சை. மணல் விளிம்பில் உள்ளான் குருவிகள் கூட்டமாக ஓடி இரைதேடிக்கொண்டிருந்தன. வட துருவத்தை அடுத்த குளிர்நாடுகளில் குஞ்சு பொரித்து, பனிக்காலத்தை நம் கரைகளில் கழிக்கும் பறவைகள் அவற்றுள் பல. கரைக்கொக்கு ஒன்று ஆழமற்ற நீரில் அசையாது நின்றது. ஆலாக்கள் தலைக்கு மேலே கூவிப் பறந்தன.

ஆனால், மேலே கண்டதைவிட நீருக்குள் கண்டதே பெரிது. நீர்க்கண்ணாடி அணிந்து முகத்தைத் தாழ்த்தினேன். மான்கொம்பு போலவும், மனித மூளை போலவும், மேசைப்பலகை போலவும் பவளங்கள் படர்ந்திருந்தன. மன்னார் வளைகுடாவில் 117 வகைக் கற்பவளங்கள் உள்ளனவென்று ஆய்வாளர் கணக்கிட்டிருக்கின்றனர். கிளிமீன் ஒன்று தன் அலகு போன்ற வாயால் பவளத்தைக் கொறித்துக்கொண்டிருந்தது. அது உண்ட சுண்ணாம்பு அரைபட்டு மணலாக வெளியேறும். நாம் கண்டு வியக்கும் வெண்மணலில் ஒரு பகுதி இவ்வாறு மீன் வயிற்றில் அரைபட்டது என்றால் நம்புவீர்களா?

பவளம் கல்லன்று, செடியுமன்று, உயிருள்ள விலங்கு. சின்னஞ்சிறு உடல்கள் ஆயிரக்கணக்கில் கூடி வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்துத் தமக்கு வீடு கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, கதிரவன் ஒளியால் உணவு சமைத்துத் தம்மைத் தாங்கும் விலங்குக்கும் அளிக்கின்றன. நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் இக்கூட்டுறவு முறியும், பாசி வெளியேறும், பவளம் வெளுக்கும். 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வளைகுடா அத்தகைய வெளுப்பைக் கண்டது.

காசுவாரைக் கடந்து வடக்கே சென்றோம். ஓரிடத்தில் முதியவர் இயந்திரத்தை நிறுத்தி, "ஐயா, விலாங்குச்சல்லி வந்துவிட்டது" என்றார். நாற்புறமும் நோக்கினேன். அலைகளன்றி வேறொன்றும் காணவில்லை. "தீவு எங்கே, பெரியவரே?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த கழியை நீருக்குள் இறக்கினார். அது விரைவில் தரையைத் தொட்டு நின்றது. "நமக்குக் கீழே" என்றார்.

ஏட்டில் 21 தீவுகள். அவற்றுள் விலாங்குச்சல்லி, கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் இன்று நீருக்குள் கிடக்கின்றன. காரணம் என்ன? பல்லாண்டுகளாகச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் இக்கடலிலிருந்து பவளக்கல் எடுக்கப்பட்டது. எடுத்தவர்கள் கொடியவர் அல்லர். அன்றாடக் கூலிக்கு மூழ்கிய ஏழைகள். ஆயினும், பார் என்று மீனவர் வழங்கும் அப்பவளத்திட்டே தீவுக்கு மதில். கடலலை அதில் மோதித் தன் வேகத்தை இழந்த பின்னரே தீவின் கரையைத் தொடும். மதிலைப் பெயர்த்தபின் மணல் எவ்வாறு நிற்கும்? 2001-ஆம் ஆண்டில் கற்பவளங்களுக்கு வனவுயிர்ச் சட்டம் முழுப் பாதுகாப்பு அளித்தது. 2005-ஆம் ஆண்டளவில் கல்லெடுப்பும் நின்றது. அதற்குள் இழந்தது ஏராளம். 1986-இல் சுமார் 16 ஹெக்டேர் பரப்புடன் இருந்த வான்தீவு, 2014-இல் ஏறத்தாழ 2 ஹெக்டேராகக் குறுகிவிட்டது.

கதை இத்துடன் முடியவில்லை என்பதே நமக்கு ஆறுதல். 2015 முதல் துளைகளுடன் வார்க்கப்பட்ட சிமென்ட்டுக் கட்டுமானங்களை வான்தீவின் கடற்புறத்தில் வரிசையாக இறக்கினர். அவை அலையின் வேகத்தைத் தணித்தன. கரையும் மணல் நிலைபெறத் தொடங்கியது. துளைகளுக்குள் மீன்கள் குடிபுகுந்தன. ஆனால், இயற்கை இலவசமாகத் தந்த மதிலுக்கு ஈடாக நாம் பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய மதில் இது.

இறுதியாகக் கண்டது காரைச்சல்லி. 1969-இல் ஏறத்தாழ 20 ஹெக்டேர் இருந்த அத்தீவின் பெரும்பகுதியும் கரைந்துவிட்டது. எஞ்சிய திட்டைச் சூழ்ந்து கடற்புல் வெளிகள் உள்ளன. பேராமையும் கடற்பசுவும் மேயும் உணவு அப்புல்லே. மீன்குஞ்சுகள் ஒளிந்து வளரும் தொட்டிலும் அதுவே. இவை அழியுமானால் கரையிலுள்ள மீனவரின் அடுப்பும் அணையும்.

மாணவ நண்பர்களே, தேசப் படத்தில் ஒரு புள்ளியளவும் இடம்பெறாத நிலத்துண்டுகள் இவை. ஆயினும், ஒரு தீவு எப்படி உண்டாகிறது, எப்படி அழிகிறது, அழியும் தீவை எப்படி நிறுத்தலாம் என்னும் மூன்று பாடங்களும் நம் கரைக்கருகே அங்குத் திறந்து கிடக்கின்றன. விலங்கியல் கற்போரும் பொறியியல் கற்போரும் சட்டம் பயில்வோரும் அங்கே ஆற்றவேண்டிய பணி உண்டு. காரைச்சல்லி இன்னும் நீருக்கு மேலே இருக்கிறது. அதைக் காக்கும் பணியில் உங்களுள் சிலரேனும் சேரவேண்டும் என்பது என் வேண்டுகோள்.