பானை மாவும் மேல்வீட்டு அறையும்: விவிலியத்தில் ஈகையும் குடும்பமும்

விவிலியம் ஈகையைப் பேசும் இடங்கள் பலவற்றில் வீட்டையும் சேர்த்தே பேசுகிறது. கொடுக்கப்படுவது பெரும்பாலும் பிள்ளைகளும் உண்ணவேண்டிய தானியம். இரங்கிக் கடன் கொடுப்பவனின் சந்ததிக்கு 37ஆம் சங்கீதமும், ஏழைக்கு வாரி வழங்குபவனின் சந்ததிக்கு 112ஆம் சங்கீதமும் ஆசி கூறுவது இதனால்தான். இவ்விரண்டையும் எடுத்துக்காட்டும் பிரசங்கங்களுக்குக் குறைவில்லை. அந்த ஆசி எந்த உருவில் வீட்டுக்குள் வந்தது என்று கேட்பவை குறைவு. விடை கதைகளில் கிடைக்கிறது.

சாறிபாத் சீதோனைச் சேர்ந்த ஊர். அங்கிருந்த விதவை இஸ்ரவேலர் அல்லாதவள் (1 இராஜாக்கள் 17). பஞ்ச காலம். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். தானும் மகனும் கடைசியாக ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுச் சாகலாம் என்று ஊர் வாசலில் விறகு பொறுக்குகிறாள். அங்கே வந்த தீர்க்கதரிசி எலியா முதல் அடையைத் தனக்குக் கேட்கிறார். மகன் வாய்க்குப் போகவேண்டியதை எடுத்துத்தான் அவள் கொடுத்தாக வேண்டும். கதை கூர்மை பெறுவது அங்கேதான். கொடுத்தாள். பானை பொங்கி வழிந்ததாக நூல் சொல்லவில்லை. மழை வரும்வரை மாவு தீரவில்லை, அவ்வளவே. அதன் பிறகு அதே மகன் நோயில் இறந்து, எலியாவின் வேண்டுதலால் பிழைக்கிறான்.

சூனேம் ஊர்ப் பெண் வசதியுள்ளவள் (2 இராஜாக்கள் 4). தீர்க்கதரிசி எலிசா வந்து தங்க மேல்வீட்டில் சிறு அறை கட்டி, கட்டில், மேசை, நாற்காலி, விளக்குத்தண்டு வைக்கிறாள். அரசனிடம் பரிந்து பேசட்டுமா என்று கேட்டதற்கு, தன் சனத்தின் நடுவே இருப்பதாகச் சொல்லி ஒதுங்கிவிடுகிறாள். பிள்ளை கேட்காமலே வந்தது. பின்னர் 7 ஆண்டுப் பஞ்சத்துக்கு வீட்டாரோடு பெலிஸ்தர் நாட்டுக்குப் போய்த் திரும்பியபோது, வீடும் வயலும் இடைக்கால விளைச்சலோடு அரசன் ஆணையால் அவள் கைக்கு மீண்டன. ஆசி இங்கே எல்லை கட்டிய நிலமாகவே வந்திருக்கிறது.

வயல் ஓரத்தை ஏழைகளுக்காக அறுக்காமல் விடுவது சட்டம் (லேவியராகமம் 19). வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ் அதற்கு மேலும் போய், கதிர் பொறுக்க வந்த ரூத்துக்காக அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே கதிர்களைச் சிந்தச் சொன்னார். அன்று மாலை ரூத் தட்டி எடுத்த வாற்கோதுமை ஓர் எப்பா, அதாவது ஏறத்தாழ 22 லிட்டர். அவ்விருவரின் கொள்ளுப்பேரன் தாவீது.

வீட்டைப் பட்டினி போட்டுச் செய்யும் தர்மத்தை மட்டும் விவிலியம் ஏற்பதில்லை. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கையாக ஒதுக்கித் தப்பிக்கும் வழக்கத்தை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7).

ஈகையை வட்டி போட்டுத் திருப்பித் தரும் முதலீடாகக் காட்டும் இன்றைய போதனை யோபுவின் முன் நிற்காது. அநாதையோடு உணவைப் பகிர்ந்தவர் அவர். ஏழையின் உடல் அவருடைய ஆட்டுமயிரால் சூடடைந்தது (யோபு 31). அவருடைய 7 மகன்களும் 3 மகள்களும் ஒரே நாளில் மாண்டார்கள். பின்னர் அதே எண்ணிக்கையில் பிள்ளைகள் பிறந்தார்கள், மாண்டவர்கள் மீளவில்லை. 37ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளும் கட்டுரைகள் யோபுவையும் அதன் பக்கத்திலேயே விரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.