சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரும்: வாங்குமுன் சில கணக்குகள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தீபாவளித் தள்ளுபடி நெருங்கியதும் நம் குடியிருப்பில் நாலைந்து வீட்டில் ஹோம் தியேட்டர் பேச்சு கிளம்பிவிட்டது. "சார், எத்தனை வாட் வாங்கலாம்?" என்று படிக்கட்டில் நிறுத்திக் கேட்கிறார்கள். நான் பி.காம். படித்த வங்கி எழுத்தர். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. ஆனாலும் வரவு செலவு பார்க்கத் தெரியும். இதில் பாதி அதுதான்.

முதலில் வாட். அட்டைப்பெட்டியில் 5000 வாட் பி.எம்.பி.ஓ. என்று கொட்டை எழுத்தில் இருந்தால், அதைப் படிக்காமல் பெட்டியின் பின்புறம் பாருங்கள். 230 வோல்ட், 60 வாட் என்று சின்னதாக அச்சிட்டிருக்கும். சுவரிலிருந்து 60 வாட் இழுக்கிற சாதனம் அதற்கு மேல் தொடர்ந்து எப்படிக் கொடுக்கும்? கணக்கில் இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதுவது போலத்தான். ஆர்.எம்.எஸ். அளவு மட்டும் கேளுங்கள். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். நம் ஹாலுக்குச் சேனலுக்கு 50 வாட் ஆர்.எம்.எஸ். தாராளம்.

ஆம்ப்ளிஃபயரில் இன்னொன்று, ஓம். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே முனையில் பக்கவாட்டில் இணைத்தால் சுமை 4 ஓம் ஆகிவிடும். "6 முதல் 16 ஓம்" என்று போட்ட ஆம்ப்ளிஃபயர் சூடேறிப் போகும். சப்வூஃபருக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் தேட வேண்டாம். உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் வைத்த 'பவர்டு' வகை போதும். மெயின் ஆம்ப்ளிஃபயரில் சப்வூஃபர் அவுட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து, உங்களுக்குச் சப்வூஃபர் தேவைதானா? பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் கேட்பவருக்குத் தேவையே இல்லை. அந்த ஒலி 80 ஹெர்ட்ஸுக்கு வெகு மேலே. ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகரின் மத்திய ஸட்ஜமமே சுமார் 131 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். படத்தில் குண்டு வெடிக்கும் சத்தம் அதற்கும் கீழே. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் நடப்பதைத் தனியாகக் கேட்க ஆசைப்படுபவர் வாங்கலாம். எனக்கும் அந்த ஆசை உண்டு. எட்டு அங்குலம், மூடிய பெட்டி போதும். துளை வைத்த பெட்டி அதிகம் முழங்கும், நம் அறைக்கு அது கூடுதல்.

ஏன் என்றால், 12 அடி அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி தேங்கி, ஒரே 'கும்' மட்டும் கேட்கும். மூலையில் வைத்தால் இன்னும் மோசம். சப்வூஃபரை நீங்கள் உட்காரும் சோபாவில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, அறையைச் சுற்றித் தரையோடு காதை வைத்துக் கேளுங்கள். எங்கே சமமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள், பரவாயில்லை. கிராஸ்ஓவரை 80-இல் வைத்துத் தொடங்குங்கள்.

இப்போது கீழ்வீடு. நம் கட்டடத்தில் படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் உண்டு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. பேச்சுச் சத்தத்தைச் சுவர் தடுக்கும், பேஸைத் தடுக்காது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்கின்றன. ஆனால் அந்த 'ஏ' அளவீடு 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறக்குறைய 30 டெசிபல் குறைத்தே கணக்கில் எடுக்கும். மீட்டரில் விதி மீறவில்லை என்று வரும், கீழே கட்டில் அதிரும். அதனால் "சட்டப்படி சரி" என்று யாரும் வாதாட வேண்டாம். பெட்டிக்கடியில் ரப்பர் பஞ்சு வைத்தால் தரை அதிர்வு குறையும். காற்றில் போகும் பேஸுக்கு அது பயன்படாது.

பொருத்துகிற அன்று கீழ்வீட்டுக்காரரைப் போனில் வைத்துக்கொண்டு சப்வூஃபர் குமிழை மெல்லத் திருப்புங்கள். "இப்போ கேக்குது" என்று அவர் சொல்லும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ராத்திரிப் படம் பார்க்கும்போது குமிழ் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கட்டும்.