ஈயக் குண்டும் ஜாதியும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



துப்பாக்கிக் குண்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். நமக்கும் குண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்கள். 1857-ம் வருஷத்துச் சிப்பாய்க் கலகத்திற்குத் தோட்டாவில் தடவிய பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் ஒரு காரணம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு என்று எந்த வாத்தியாராவது சொன்னாரா? எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லவே இங்கு வந்தேன்.

பழைய துப்பாக்கிக் குழலின் உட்புறம் மழமழவென்றிருக்கும். உருண்டைக் குண்டு அதில் தளர்ச்சியாக இறங்கும். சீக்கிரம் போடலாம், ஆனால் 100 கஜத்துக்கு அப்பால் குறியில் படுவது சந்தேகம். குழலுக்குள் திருகுபோலப் பள்ளம் வெட்டினால் குண்டு சுழன்று நேரே போகும். ஆனால் அந்தப் பள்ளத்தைக் குண்டு கவ்வ வேண்டுமே! இறுக்கமான குண்டை வாய்வழியே இடித்து இறக்க நேரமாகும். தளர்ந்த குண்டோ சுழலாது.

இந்தச் சிக்கலை 1849-ல் மினியே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரியின் குண்டு தீர்த்தது. கூம்பு வடிவம், அடியிலே குழிவு. மருந்து வெடித்ததும் புகை அந்தக் குழிவை அழுத்த, குண்டின் அடி விரிந்து பள்ளத்தைக் கவ்வும். இதே தத்துவத்தில் வந்ததுதான் 1853-ம் வருஷத்து என்பீல்டு துப்பாக்கி. குழலின் துளை 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். போகும்போது தளர்ச்சி, வரும்போது இறுக்கம்! இதில் தெய்வமுமில்லை, மந்திரமுமில்லை. ஈயத்தின் குணம் ஒன்றுதான்.

அந்த ஈயம் எது? நம் வீட்டில் ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம். குண்டுக்கு வேண்டியது காரீயம், அது மிருதுவானது. வெள்ளீயமோ அஞ்சனக்கல்லோ அதிகம் கலந்தால் கெட்டிப்பட்டு விரியாது. இன்றைக்கும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தப் பழைய துப்பாக்கிகளால் குறிபார்த்துச் சுடுகிறவர்கள் தங்கள் குண்டைத் தாங்களே வார்க்கிறார்கள். காரீயம் 327 டிகிரி சென்டிகிரேடில் உருகும். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டு சுருங்கிச் சுளிந்து வரும். உள்ளே காற்று தங்கினால் எடை குறையும். ஆகவே ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்துப் பார்த்துத் தவறியதை மறுபடி உருக்குகிறார்கள். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து அடியில் சிக்கினாலும் ஆவியாகிச் சீறி ஈயத்தை முகத்தில் வாரியடிக்கும். ஈயத் தூசியோ விஷம். கை கழுவாமல் சோறு தின்னக் கூடாது. இது தீட்டல்ல, தோழர்களே! பிராமணன் கையானாலும் கழுவத்தான் வேண்டும்.

நிற்க, கொழுப்பு விஷயத்துக்கு வருவோம். கருமருந்து வெடித்தால் கரி படியும். நாலைந்து வெடிக்குப் பிறகு அடுத்த குண்டு இறங்க மறுக்கும். கொழுப்பும் மெழுகும் அந்தக் கரியை இளக்கிக் குண்டுக்கு வழிவிடும். அதற்காகவே குண்டைச் சுற்றிய காகிதத்தில் அதைத் தடவினார்கள். சிப்பாய் அந்தத் தோட்டாவின் நுனியைப் பல்லால் கடித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் காகிதத்தோடு திணிக்க வேண்டும்.

கொழுப்பு எந்த மிருகத்துடையது? கும்பினியார் அதை விசாரிக்கவுமில்லை, சிப்பாய்க்குச் சொல்லவுமில்லை. 1806-ல் நம் வேலூரிலே தலைப்பாகையும் தோலும் என்ன செய்தன என்பதைப் பார்த்தவர்கள், 51 வருஷத்தில் அதை மறந்துவிட்டார்கள்.

இனி டம்டம்மில் நடந்ததைக் கேளுங்கள். 1857 ஜனவரியில் அங்கே ஒரு கலாசி, பிராமணச் சிப்பாயிடம் லோட்டாவில் தண்ணீர் கேட்டான். தீட்டாகிவிடும் என்று சிப்பாய் மறுத்தான். கொழுப்புத் தோட்டாவைக் கடிக்கப் போகிற உன் ஜாதி எங்கே நிற்கும் என்று கலாசி திருப்பிக் கேட்டான். இப்படி அக்காலத்து அதிகாரியின் அறிக்கை கூறுகிறது. சக மனிதனின் தாகத்தைவிட லோட்டாவின் சுத்தம் பெரிதாயிருந்தது! ஆனாலும் சிப்பாயின் பயம் பொய்ப் பயமல்ல. ஜாதி போனவனுக்கு ஊரில் பெண்ணுமில்லை, பந்தியுமில்லை. அந்தத் தண்டனையைக் கொடுப்பது கொழுப்பல்ல, ஊர்தான்.

அந்த மாதமே, அவரவர் விரும்பிய நெய்யையும் மெழுகையும் தடவிக் கொள்ளலாம் என்று சர்க்கார் சொன்னது. நெய்யும் மெழுகும் கரியை இளக்கும். அப்படியானால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பின்னால் சொன்னதால் சந்தேகம் வளர்ந்தது. ஏப்ரல் 24-ந் தேதி மீரட்டில் கொடுத்தது பழைய தோட்டா; இருந்தும் 90 பேரில் 85 பேர் தொட மறுத்தார்கள். மே 9-ல் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள், மறுநாள் கலகம். அயோத்தி ராஜ்யத்தைப் பிடுங்கியது போன்ற குறைகளும் அதற்குப் பின்னால் உண்டு. கொழுப்பு திரியில் பட்ட நெருப்பு மட்டுமே.

ஆகவே நான் சொல்வது இதுதான். காரணத்தைச் சொல்லாமல் "செய்" என்கிற துரையும், காரணத்தைக் கேட்காமல் "தொடாதே" என்கிற ஊரும் ஒரே ரகம். குண்டு வார்க்கிறவன் ஏன் கரி படிகிறது, ஏன் ஈயம் விரிகிறது என்று கேட்டுத் தெரிந்து கொள்கிறான். தெரிந்த பிறகு கொழுப்பை மாற்றிக் கொள்ளவும் அவனால் முடிகிறது. கட்டளையோ, ஆசாரமோ, எதுவானாலும் "எதற்காக?" என்று கேளுங்கள். பதில் வந்தால் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்தால் மறுபடி உருக்கத் தயங்காதீர்கள்.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.