யார் வீட்டுக் காய் அது?

தொலைக்காட்சியின் வணிகச் செய்தியாளர் என்றதும் மும்பை தலால் தெருவில் நின்று சென்செக்ஸ் புள்ளிகளைச் சொல்பவர்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார். அந்த வேலையும் பார்த்திருக்கிறேன். ஆனால் விலையைப் பற்றிப் பேசுவது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது நம் போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலம்தான்.

2019 ஆகஸ்டில், இடுக்கி மாவட்டம் புத்தடியில் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போனது. அதற்கு முன் யாரும் கேட்டறியாத விலை. மறுநாள் விடியற்காலையில் லோயர் கேம்பில் நின்றேன். அந்த நேரத்தில் அங்கே நின்றவர்களுக்குத் தெரியும், கம்பம், கூடலூர் பக்கமிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் குமுளி மலைப்பாதையில் ஏறிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஓர் அக்காவிடம் மைக்கை நீட்டினேன். "காய் ஏழாயிரம்னு டிவில சொல்றீக தம்பி. யாரு வீட்டுக் காய் அது?" என்றார்.

அந்தக் கேள்வியோடு போடிக்குப் போனேன். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்துக்குள் நீங்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். கூச்சல் கிடையாது. வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரிக் காய் கைக்கு வரும். விரலால் உருட்டி, நிறம் பார்த்து, உடைத்து முகர்ந்து விலை போடுவார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருத்த பச்சைக் காய்க்கு ஒரு விலை, வெளுத்த சின்னக் காய்க்கு வேறு விலை. ஏலம் முடிந்ததும் வரும் தாளில் வரத்து எவ்வளவு, விற்றது எவ்வளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை எல்லாம் இருக்கும். புத்தடியின் 7,000 என்பதும் அப்படியோர் அதிகபட்சம், ஒரு லாட்டுக்குக் கிடைத்த விலை. சராசரி அதற்கு வெகு கீழே.

விலை ஏன் ஏறியது? 2018 ஆகஸ்ட் வெள்ளம் இடுக்கித் தோட்டங்களை நாசமாக்கியது. அடுத்த ஆண்டு கோடை மழையும் பொய்த்து, செடிகள் காய்ந்தன. விலை உச்சத்தில் இருந்தபோது பலரிடம் விற்கக் காயே இல்லை. அக்காவின் கேள்விக்குப் பதில் இதுதான். அலுவலகத்தில் 7,000 மட்டும் திரையில் ஓடினால் போதும் என்றார்கள். சராசரியும் வரத்தும் இல்லாமல் செய்தி போகக் கூடாது என்று வாதாடி அவற்றையும் சேர்த்தேன். 2022இல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. பழைய உச்சத்தை நம்பிக் கடன் வாங்கிச் செடி வைத்தவர்களை நினைத்துப் பாருங்கள், நேயர்களே. குவாத்தமாலாவில் ஏலக்காய் நல்ல விளைச்சல் என்றால் வளைகுடா வியாபாரம் அந்தப் பக்கம் சாயும், போடியில் விலை தளரும். நம் ஊர்ச் செய்தியாளர் அந்த நாட்டு மழையையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

நேரம் குறைவு, மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வணிகச் செய்தியாளராக வர விரும்புகிறவர்கள் வணிகவியலோ பொருளாதாரமோ படித்தால் நல்லது. ஐந்தொகையை வாசிக்கத் தெரியாமல் இந்த வேலை செய்ய முடியாது. பிப்ரவரி 1 பட்ஜெட், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரிசர்வ் வங்கியின் வட்டி முடிவு, நிறுவனங்களின் காலாண்டு முடிவுகள் என்று ஆண்டு ஓடிவிடும். ஒரு நெறி மட்டும் மாறாது: தான் பேசும் பங்கில் தனக்கோ குடும்பத்துக்கோ லாபம் தேடக் கூடாது. 2021 ஜனவரியில் ஒரு ஹிந்தி வணிகச் சேனலின் தொகுப்பாளருக்குப் பங்கு வர்த்தகத்தில் ஈடுபட, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தடை விதித்தது இதனால்தான்.

கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. பன்னீர் திராட்சைத் தோட்டத்திலும் ஏலக்காட்டிலும் வளர்ந்தவர்களுக்கு விலை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஏல விலை செய்தியில் வந்தால், சராசரி எவ்வளவு, எத்தனை கிலோ விற்றது என்று கேளுங்கள். சொல்லாத சேனலுக்கு எழுதிப் போடுங்கள்.